அரைக் கோப்பைதான் ஊற்றுவார்களாமே, அது அவமதிப்பா? பாய் மக்களின் மூன்று சுற்றுத் தேநீர்

கேள்வி கேட்டவர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு பாய் குடும்பத்தின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகவிருக்கிறார். அங்கே மூன்று சுற்று தேநீர் தருவார்கள், முதல் சுற்று கஷாயம் மாதிரி கசக்கும், அதையும் அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "இதில் எது மரியாதை, எது அவமரியாதை? சர்க்கரை கேட்கலாமா? நான் சைவம், சிக்கல் வருமா? ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்கிறார்களே, நிஜமா? ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் செய்து பார்க்க முடியுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். ஐந்து கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். அந்த வீட்டில் நெருப்புச் சட்டியின் பக்கத்தில் உட்காரும்போது எதைக் கவனிப்பது? மூன்று கோப்பைகளைவிட, முதல் கோப்பை கைக்கு வருவதற்கு முன்னால் கழியும் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள் என்பேன். உபசாரத்தின் பெரும்பகுதி அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் இடம். சுமார் இருபது லட்சம் பேர் கொண்ட இனம் பாய். (நம்ம ஊர் பாய் கடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீன மொழியில் 'வெள்ளை' என்று பொருள்படும் சொல் இது.) பெரும்பாலானோர் எர்ஹாய் ஏரிக்கும் சாங்ஷான் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் வாழ்கிறார்கள். நிர்வாகப் பெயர் டாலி பாய் தன்னாட்சி மாவட்டம். 1956 நவம்பரில் அமைக்கப்பட்டது. 'தாலி' என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வேறு நினைவு வரும் என்பதால் 'டாலி' என்றே எழுதுகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். பிறகு வீட்டில் செய்து பார்ப்பது பற்றிப் பேசும்போது இந்த எண் தேவைப்படும்.

அரைக் கோப்பை விஷயத்தை இப்போதே முடித்துவிடலாம். அது அவமதிப்பு அல்ல, அதற்கு நேர்மாறு. மதுவை நிறைய ஊற்றினால் விருந்தாளிக்கு மரியாதை, தேநீரை நிறைய ஊற்றினால் அவரை மட்டம் தட்டுவது என்ற பொருளில் அங்கே ஒரு சொலவடை உண்டு. பாய் மக்களுக்கு மட்டும் உரியதல்ல இது. ஹான் சீனர்களும் அப்படியே சொல்வார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. கோப்பைக்குக் கைப்பிடி கிடையாது. விளிம்பு வரை கொதிக்கும் தேநீர் நின்றால் விரல் சுடும், வாங்கும்போது சிந்தும், ஆறும்வரை விருந்தாளி கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் சூடாகவே ஒரே வாயில் குடிக்கலாம், மறுபடி ஊற்ற வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருப்பார். டம்ளர் தளும்பத் தளும்பக் கொடுத்தால்தான் மனசு நிறையும் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கே தளும்பத் தளும்ப ஊற்றினால் 'இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு' என்று சொன்னதாகிவிடும்.

சீன மொழியில் இந்த உபசாரத்தின் பெயர் 'சான் தாவ் ச்சா', அதாவது மூன்று சுற்றுத் தேநீர். முதலாவது கசப்பு, இரண்டாவது இனிப்பு, மூன்றாவதை 'திரும்பி வரும் சுவை' என்பார்கள். விழுங்கிய பிறகு நாக்கில் மீண்டும் எழும் ருசி. மூன்றுக்கும் பொருட்கள் வேறு. மூன்றையும் தாங்கி நிற்பது முதல் சுற்றில் வறுக்கும் தேயிலை. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

வறுப்பதற்கு வேண்டியவை கரி நெருப்பு போட்ட சட்டி, அதன் மேல் இரும்பு முக்காலி, தண்ணீர் கொதிக்க ஒரு கெண்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் சொரசொரப்பான மண் குடுவை. குடுவையில் 200 மில்லி பிடித்தால் அதிகம். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும், வாய் கொஞ்சம் விரிந்திருக்கும். ஆறு பேருக்கு எட்டு முதல் பத்து கிராம் தேயிலை. அந்தப் பக்கத்துப் பச்சைத் தேயிலைகளில் சாங்ஷான் மலைச் சரிவில் விளைவதற்கும், கந்துங் கோயில் பெயரில் வழங்குவதற்கும் பெயர் உண்டு. கிண்ணம் கவிழ்த்தது போல அழுத்திச் செய்யும் ஷியாகுவான் 'துவோச்சா'வை உதிர்த்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முழு இலையாக, நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதலில் வெறும் குடுவையைக் காய வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். காயாத குடுவையில் இலையைப் போட்டால், அதிலுள்ள கொஞ்ச ஈரம் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே சுற்றும். இலை வறுபடாமல் வெந்துபோகும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் பச்சை வாடை போகாது. குடுவை காய்ந்ததும் இலையைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில நொடி நெருப்பு மேல், சில நொடி காற்றில் தூக்கி ஒரு குலுக்கு, மறுபடி நெருப்பு. 'நூறு குலுக்குத் தேநீர்' என்றே இதற்கு இன்னொரு பெயர் உண்டு. குலுக்கும்போது அடியில் கிடந்த இலை மேலே வரும், மேலே இருந்தது அடிக்குப் போகும். அதை நிறுத்தினால் ஒரு பக்கம் கரியும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் இலை மஞ்சள் தட்டும், ஓரம் லேசாகப் பழுப்பேறும், வறுத்த பயறும் கொஞ்சம் தீய்ந்த சர்க்கரையும் கலந்தது போல ஒரு வாசம் கிளம்பும். கண்ணை நம்புவதைவிட மூக்கை நம்புவது நல்லது. புகையில் காரல் தெரிய ஆரம்பித்தால் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இலையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வாசம் வந்த கணத்தில் கொதிநீரைக் கொஞ்சமாக, ஐம்பது மில்லி அளவுக்கு ஊற்றுவார்கள். காய்ந்த மண்ணிலும் இலையிலும் தண்ணீர் பட்டதும் 'சொர்ர்' என்று பெரிய ஓசை எழும். 'இடியோசைத் தேநீர்' என்று சொல்வது இதனால்தான். கூடவே நுரை பொங்கிக் குடுவையின் வாயில் பூச்செண்டு போல நிற்கும். இலையிலுள்ள சப்போனின் என்ற பொருளும் திடீர் ஆவியும் சேர்ந்து செய்யும் வேலை அது. நுரை அடங்கக் காத்திருந்து மீதித் தண்ணீரை ஊற்றி, ஓரிரு நிமிடம் நெருப்பின் ஓரத்தில் வைத்து இறக்குவார்கள். முதலிலேயே முழுத் தண்ணீரையும் ஊற்றினால் பொங்கி நெருப்பில் வழியும், சாம்பல் பறக்கும், பாதி இலையும் வெளியே போய்விடும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குடுவையே வெடிக்கலாம். புதுக் குடுவையை எடுத்த எடுப்பில் நெருப்பில் வைக்கக் கூடாது. கஞ்சித் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பதப்படுத்த வேண்டும். புது மண்சட்டியைப் பழக்கத் தெரிந்த வீட்டில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இப்படி இறக்கிய தேநீர் அம்பர் நிறத்தில், கெட்டியாக இருக்கும். 'மாட்டுக்கண்' என்று சொல்லும் சின்னக் கோப்பையில் இருபது முப்பது மில்லிதான் ஊற்றுவார்கள். மூத்தவருக்கோ முக்கிய விருந்தாளிக்கோ முதலில், மற்றவர்களுக்கு அதன் பிறகு. இரண்டு கையாலும் வாங்கி, சூடாக இருக்கும்போதே ஒரே வாயில் குடித்துவிடுங்கள். துளித்துளியாக உறிஞ்சினால் கசப்பு நாக்கில் தங்கித் துன்புறுத்தும். ஒரே வாயில் போனால் வறுத்த வாசம் முன்னால் வரும், கசப்பு பின்னால் போய் நிற்கும். இங்கே சர்க்கரை கேட்பது குற்றமில்லை, ஆனால் பொருத்தமில்லை. அடுத்த சுற்றே இனிப்புதான். முகம் கொஞ்சம் சுளித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள்.

இரண்டாவது சுற்றுக்குக் கோப்பை மாறும். கொஞ்சம் பெரிய கோப்பையோ சின்னக் கிண்ணமோ வரும். அடியில் கரும்புச் சிவப்புச் சர்க்கரை, அதன் மேல் மெல்லிய வாதுமைப் பருப்புச் சீவல் (பாதாம் அல்ல, அக்ரூட் என்று கடையில் கேட்டால் கிடைப்பது), சுட்டு நொறுக்கிய பால்விசிறி (பாலைத் திரித்துக் காய வைத்த ஒரு பண்டம்). சிலர் எள்ளோ ஒரு துண்டுப் பட்டையோ சேர்ப்பார்கள். குடுவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதித்த தேநீரை இதன் மேல் ஊற்றுவார்கள். இம்முறை அளவு முக்கால் கோப்பைக்கும் மேல் போகலாம். வாதுமையைச் சீவுவதில் வீட்டின் கைத்திறன் தெரிந்துவிடும். தும்பியின் இறக்கை போல மெலிந்தால்தான் தேநீரில் மிதக்கும். தடித்த துண்டு அடியில் மூழ்கி, கடைசி வாயில் தொண்டையில் வந்து நிற்கும். பருப்பின் மேல்தோலை உரிக்காமல் விட்டால் இனிப்புச் சுற்றிலும் கசப்பு எட்டிப் பார்க்கும். டாலிக்கு மேற்கே உள்ள யாங்பி வாதுமைக்குப் பேர்போன ஊர் என்பதால் சரக்குக்குப் பஞ்சம் இருக்காது.

பால்விசிறி என்று நான் எழுதுவதைச் சீனத்தில் 'ருஷான்' என்பார்கள். பால் திரித்துச் செய்யும் பண்டங்கள் குறைவான சீன உணவில் இது ஓர் அபூர்வம். பக்குவம் சுவாரசியமானது. முந்தைய ஈட்டில் மிஞ்சிய புளித்த தெளிநீரை வாணலியில் 70 டிகிரி வாக்கில் சுட வைத்து, அதில் ஒரு கரண்டிப் பாலை, அரை லிட்டர் இருக்கும், ஊற்றிச் சுற்றிக் கிளறுவார்கள். பால் திரிந்து ஒரே உருண்டையாகத் திரளும். அது வரைக்கும் நம் பன்னீர்தான். அப்புறம் அந்தச் சூட்டிலேயே அதைத் தட்டி, இழுத்து, இரண்டு மூங்கில் கழிகளில் சுற்றிக் காற்றில் காய விடுவார்கள். இழுக்கும்போது நார் நாராகப் பிரிந்து விசிறி வடிவம் எடுக்கும். பத்து லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். தெளிநீரில் புளிப்பு போதாவிட்டால் பால் குருணையாக உடைந்து இழுபடாது. சூடு மிஞ்சினால் இறுகி ரப்பராகிவிடும். ஏரியின் வடக்கே எர்யுவான் வட்டத்திலுள்ள தெங்சுவான் பகுதிச் சரக்கு நயம் என்பார்கள். தேநீரில் போடும் முன் கரி மேல் காட்டிச் சுட வேண்டும்; மேலே கொப்புளம் கிளம்பி வெளுத்த பழுப்பு வந்ததும் எடுத்து நொறுக்க வேண்டும். சரியாகச் சுடாமல் போட்டால் சூட்டில் இளகிப் பல்லில் ஒட்டும்.

மூன்றாவது சுற்றில் தேன், சில இஞ்சிச் சீவல், ஒரு சிறு துண்டுப் பட்டை, மூன்று நான்கு சிச்சுவான் மிளகு. பல வீடுகளில் பொரியும் பால்விசிறித் தூளும் உண்டு. கோப்பையில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் ஊற்றுவார்கள். வாங்கியதும் கோப்பையை லேசாகச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தேன் அடியில் தங்கி, மேலே வெறும் காரம் மட்டும் வரும். சிச்சுவான் மிளகு நம் மிளகு அல்ல. எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்ந்த தொலி. கொங்கணக் கரையில் மீன்குழம்புக்குப் போடும் திர்பல் இதற்கு நெருங்கிய சொந்தம். நாக்கு எரியாது, மரத்துப்போகும், லேசான மின்சாரம் பட்டது போலத் துடிக்கும். தொலி மட்டும்தான் வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் மாதிரி நெறுநெறுக்கும், அதை எடுத்துவிட வேண்டும். பட்டையும் இஞ்சியும் கூடிப்போனால் சுக்குக் கஷாயமாகிவிடும், தேயிலை காணாமல் போகும். பாய் மொழியில் காரத்தைக் குறிக்கும் சொல்லும் நெருக்கமான உறவைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒத்தவை, அதனால்தான் கடைசிக் கோப்பையில் காரம் என்று விளக்கம் சொல்வார்கள். பொருள் பொருந்தி வருகிறது. ஆனால் பட்டை, இஞ்சி, மிளகு மூன்றும் அந்த விளக்கத்தின் உதவியில்லாமலே அங்கே நெடுங்காலம் தேநீரில் இருந்தவை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வரிசை ஏன் இப்படி என்று கேட்டால் வாழ்க்கைத் தத்துவம் சொல்வார்கள். முதலில் பாடுபடு, பிறகு சுகம் வரும், கடைசியில் எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்து அசைபோடு என்று. ஒரு பையன் தொழில் பழகப் போகும்போதும், பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கல்யாணம் கூடும்போதும் பெரியவர்கள் இதைக் கொடுத்து வாழ்த்துவது உண்டு என்பதால் அந்தப் பேச்சு வெறும் ஒப்பனை அல்ல. ஆனாலும் நாக்கின் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது. இனிப்பை முதலில் கொடுத்தால் அடுத்து வரும் கசப்பு இரண்டு மடங்காகத் தெரியும். மரத்துப்போக வைக்கும் மிளகை நடுவில் கொடுத்தால் அதற்குப் பிறகு வரும் எதுவும் ருசிக்காது. கசப்பு, இனிப்பு, காரம் என்ற இந்த ஒரே வரிசையில்தான் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். தத்துவம் இல்லாவிட்டாலும் நல்ல சமையல்காரர் இப்படித்தான் அடுக்குவார்.

நடந்துகொள்ளும் முறை பற்றி. பழைய பாய் வீடுகளில் முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கம் கட்டடமும், நான்காவது பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுவரும் இருக்கும். விருந்தாளியை நடுக்கூடத்தில் உட்கார வைப்பார்கள். எங்கே உட்கார வேண்டும் என்று அவர்கள் காட்டும்வரை நில்லுங்கள். மேல் இருக்கை மூத்தவர்களுடையது. வாசற்படி மேல் உட்காரக் கூடாது. நெருப்புச் சட்டியையோ தரையிலுள்ள நெருப்புக் குழியையோ தாண்டக் கூடாது, அதில் எச்சில் துப்பக் கூடாது, முக்காலி மேல் கால் வைக்கக் கூடாது. மலைக் கிராமங்களில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். கோப்பையை இரு கையால் வாங்குவது போதுமான நன்றி. மேசையை விரலால் தட்டி நன்றி சொல்வது தெற்கே கான்டன் பக்கத்து வழக்கம். இங்கே செய்தால் தவறில்லை என்றாலும் இரு கை அதைவிட அழகு. மூன்றாவது சுற்று முடிவதற்குள் எழுந்திருக்காதீர்கள். அவசரம் இருந்தால் வந்ததுமே சொல்லிவிடுவது நல்லது, அப்போது வறுப்பதை விட்டுவிட்டுச் சாதாரணத் தேநீர் தருவார்கள், யார் மனமும் நோகாது. வறுக்க ஆரம்பித்த பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுதான் உறுத்தும். குடுவையைக் குலுக்கிக்கொண்டே உங்கள் ஊர், பிரயாணம், அப்பா அம்மா என்று விசாரிப்பார்கள். கை நெருப்பில் இருக்கும், பேச்சு உங்களிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

சைவத்துக்கு வருவோம். தேநீரில் பிரச்சினை இல்லை. பால்விசிறியைப் புளித்த தெளிநீர் கொண்டுதான் திரிக்கிறார்கள்; தொடக்கத்துக்குப் புளிப்பான ஒரு மலைப்பழச் சாற்றைச் சேர்ப்பதும் உண்டு. கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இதில் கிடையாது. வாதுமை ஒவ்வாதவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இரண்டாம் சுற்றில் அது தப்பாது. தேநீருக்குப் பிறகு சாப்பாடு வந்தால்தான் கவனம் தேவை. விருந்துச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி பல வடிவில் வரும். வைக்கோல் நெருப்பில் தோலைப் பொசுக்கி, உள்ளே ஏறக்குறைய பச்சையாகவே சீவிப் பரிமாறும் பண்டமும் அதில் உண்டு. அதைச் சுவைத்துப் பார்க்கச் சொல்வது பெருமையாகக் கருதப்படும். 'நான் விரதம்' என்ற தொனியில் சொன்னால் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஊர்க் கோயில்களில் சூத்திரம் ஓதும் 'தாமரைக்குளச் சங்கம்' என்ற மூத்த பெண்களின் குழுக்கள் பாய் கிராமங்களில் பரவலாக உண்டு. வழிபாட்டு நாட்களில் அவர்கள் சைவம்தான். அதனால் இறைச்சி தொடாத விருந்தாளி அங்கே விசித்திரப் பிறவி அல்ல.

வரலாற்றில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் விளம்பர வாசகம் அதிகம். உறுதியானது இரண்டு. ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பகுதியை நான்ஜாவ் அரசு (738–902) ஆண்டபோது, சீனாவின் தாங் அரசின் அதிகாரி ஃபான் ச்சோ எழுதிய குறிப்பு. யின்ஷெங் நகர எல்லையிலுள்ள மலைகளில் தேயிலை விளைகிறது, மெங்ஷெ மக்கள் அதை மிளகு, இஞ்சி, பட்டையோடு சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்கிறது அது. நான்ஜாவை ஆண்ட வம்சம் அந்த மெங்ஷெ மக்களிடையே எழுந்ததுதான். இங்கே மிளகு என்பது சிச்சுவான் மிளகு. இன்றைய மூன்றாம் கோப்பையின் மசாலா அப்படியே இருக்கிறது; ஆனால் மூன்று சுற்று என்ற பேச்சே இல்லை. இரண்டாவது, பயணி ஷு ஷியாகே 1639-இல், சீனப் புத்தாண்டை அடுத்த விளக்குத் திருநாளில், இன்று டாலி மாவட்டத்துக்குள் இருக்கும் கோழிக்கால் மலையில் ஒரு பௌத்தக் கோயிலில் தங்கியபோது எழுதியது. தரையில் பச்சைப் பைன் ஊசியிலைகளைப் பரப்பி உட்கார்ந்தோம், முதலில் வெறும் தேநீர், நடுவில் உப்புத் தேநீர், பிறகு தேன் தேநீர் என்கிறார். மூன்று சுற்று வந்துவிட்டது, தேனும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் உப்பு. இடமோ வீடு அல்ல, மடம்.

ஆக, துண்டுகள் எல்லாம் பழையவை. அவை இன்றைய வடிவில் கோக்கப்பட்டது ஆயிரம் ஆண்டுக்கு முன் நான்ஜாவ் அரண்மனையில் என்பதற்கு இந்தக் குறிப்புகள் இடம் தரவில்லை. 'அரசர் விருந்தாளிக்குக் கொடுத்தது' என்று வழிகாட்டி சொன்னால் கதையாக ரசியுங்கள், சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வறுத்த தேநீரும் பாய் மக்களின் தனிச்சொத்து அல்ல. பக்கத்திலுள்ள யி மக்களும், யுன்னான் மலைகளின் வேறு பல இனத்தாரும் இதே போலக் குடுவையைக் குலுக்கித்தான் வறுக்கிறார்கள். மூன்றையும் ஒரு வரிசையாக்கி, ஒரு உபசாரமாக்கி, தங்கள் அடையாளமாக நிறுத்தியதுதான் பாய் மக்களின் பங்கு. அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்; பழமையை ஊதிப் பெருக்கத் தேவையில்லை. டாலி 1984-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, எர்ஹாய் ஏரிப் படகுகளிலும் ஷிஜோவ் ஊரின் பழைய வணிகர் மாளிகைகளிலும் இது ஆடல் பாடலோடு மேடை ஏறியது. 2014-இல் சீன அரசின் தேசிய மரபுப் பட்டியலில் தேநீர் வழக்கங்களின் கீழ் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் மொராக்கோவின் ரபாட் நகரில் யுனெஸ்கோ ஏற்ற சீனத் தேநீர் மரபுகளில் 44 கூறுகள் இருந்தன, அவற்றில் இதுவும் ஒன்று.

மேடையில் பார்ப்பதையும் வீட்டில் பார்ப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேடையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஆட்டம் இருக்கும், தட்டைப் புருவம் வரை உயர்த்தி நீட்டுவார்கள், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டியிருப்பதால் தேநீர் பெரிய பாத்திரத்தில் முன்பே தயாராகியிருக்கும். முதல் கோப்பை வெறும் கசப்பாக இருந்து வறுத்த வாசம் இல்லாமல் போவதற்குக் காரணம் அதுதான். பொய் என்று சொல்ல மாட்டேன், கச்சேரி என்று சொல்வேன். வீட்டிலோ தேநீர் அன்றாடச் சங்கதி. காலையில் ஒரு முறை, விழிப்புத் தேநீர் என்று பெரியவர்கள் வறுத்துக் குடிப்பார்கள். நடுப்பகலில் இன்னொரு முறை, அதில் பொரியும் பால்விசிறியும் போட்டுக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். மூன்று சுற்றும் முழுதாக வருவது திருநாளுக்கும் சடங்குக்கும் தூரத்து விருந்தாளிக்கும்தான். சாதாரண நாளில் மின்கெண்டியில் கொதித்த நீரும் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தேயிலையும் வந்தால் உங்களைக் குறைத்து மதிப்பிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி வீட்டில் செய்து பார்ப்பது. தேயிலைத் தூள் ஆகாது. குடுவையில் போட்ட அரை நிமிடத்தில் கரிந்துவிடும். நீலகிரியில் முழு இலையாகப் பதப்படுத்தும் பச்சைத் தேயிலை கிடைக்கிறது, அது போதும். மண் குடுவை இல்லாவிட்டால் சிறிய கனத்த இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்து, சூடாக்கிய வேறு பாத்திரத்தில் போட்டு நீர் ஊற்றலாம். இடியோசை பாதிதான் வரும். ஃபில்டர் காபிக்கு டிகாக்‌ஷன் இறங்க விடுவது போல நீண்ட நேரம் விடாதீர்கள். டாலியில் 93 டிகிரியில் கொதிக்கும் நீருக்கும் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே கசப்பு சீக்கிரம் இறங்கும், ஒரு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சிவப்புச் சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரை நேரான மாற்று, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. பால்விசிறிக்குப் பன்னீரைப் போட்டுப் பார்க்கிறார்கள், வேண்டாம். அது நீரில் சொதசொதக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு வறுத்த எள்ளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் பட்டை என்று கிடைக்கும் தடித்த, காரமான ரகமே இதற்குப் பொருத்தம். இலங்கையின் மெல்லிய கறுவாப்பட்டை என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். சிச்சுவான் மிளகுக்கு நம் மிளகு மாற்றாகாது, திர்பல் கிடைத்தால் கோப்பைக்கு இரண்டு தொலி. தேனை மட்டும் கோப்பையில் முதலில் போட்டு அதன் மேல் கொதிநீர் ஊற்றாதீர்கள், வாசம் போய்விடும். பட்டையும் இஞ்சியும் மிளகும் தேநீரோடு சேர்ந்து கொதித்து, வடிகட்டி, ஒரு நிமிடம் ஆறிய பிறகு தேனைக் கலக்கலாம். முதல் இரண்டு தடவை இலை கரியத்தான் செய்யும். அதனால் விருந்தாளியைக் கூப்பிடுவதற்கு முந்தின நாளே இருபது கிராம் இலையைப் பழகுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.